கொழும்பு அத்தையின் கவுன்: பழைய விருந்து உடையை அறிந்து பேணும் முறை

பாளையங்கோட்டையில் தாத்தா கட்டிய வீட்டைப் பங்கு பிரிப்பதற்கு முன்னால், பொருள்களைப் போட்டுவைக்கும் உள்ளறையான அரங்கு வீட்டை ஒழித்தபோது, நெல் குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. அதற்குள் கணுக்கால் வரை நீளும் கருநீலக் கவுன் ஒன்று, மல் துணியில் சுற்றி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது என் தந்தையின் அக்காவுடையது. வீட்டில் நாங்கள் அவரைக் கொழும்பு அத்தை என்போம். அவர் காதில் விழாத தொலைவில் தெருவார் துரைசாணி என்பார்கள். மாமா கொழும்பில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்த ஆண்டுகளில், அங்கே நடந்த மாலை விருந்துகளுக்கு அத்தை உடுத்திய உடை அது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எந்த ஆண்டில் தைத்தது, ஊர் திரும்பிய பிறகு அதை அவர் உடுத்தினாரா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அந்தக் கவுனோடு நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதையும், என் அவசரத்தால் கெடுத்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நெல்லைச் சீமையில் இத்தகைய பெட்டிகள் அரிதல்ல. கொழும்பு, ரங்கூன், மலேயா என்று பிழைப்புக்குப் போய்வந்த குடும்பங்கள் பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது கவுனாக இல்லாமல் ஜரிகைக் கரை போட்ட ஷிஃபான் சேலையாகவோ, சம்கி தைத்த சாட்டின் ஜாக்கெட்டாகவோ இருக்கலாம். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியை இந்த ஒரு பொருளிடம் காட்டக் கூடாது. கசக்கினால் துணியும் போகும், அதை உடுத்தியவரைப் பற்றித் துணி சொல்ல வைத்திருக்கும் செய்தியும் போகும்.

பெட்டியைத் திறக்கும் நாள்

மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காற்றில் நிற்கும். ஆனியிலும் ஆடியிலும் தென்காசிப் பக்கம் சாரல் என்றால், கிழக்கே வர வர அதே காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். தை பிறந்த பிறகு, வெயில் ஏறிய ஒரு முற்பகலே இதற்கு ஏற்ற பொழுது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். தலையில் எண்ணெய் தேய்த்த நாளாக இருந்தால் முடியை இழுத்துக் கட்டிக்கொள்வது நல்லது, ஏனெனில் குனிந்து பார்க்கும் வேலைதான் இதில் மிகுதி.

வீட்டுக் கூடமான பட்டாசலில் ஒரு பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் கஞ்சி போடாத, சாயமில்லாத, துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துப் போடுங்கள். பாய் சமமான தளத்தைத் தரும். பாயின் சாயம் உடையில் ஒட்டாமல் வேட்டி தடுக்கும். உடையைத் தோள்பட்டையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. நீளமான கவுனின் பாவாடைப் பகுதி முழு எடையோடு கீழே இழுக்கும்போது, எழுபது ஆண்டுப் பழைய தையல் முதலில் தோளில்தான் விடும். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து எடுத்து வேட்டியின்மேல் கிடத்தி, ஒவ்வொரு மடிப்பையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். மடிப்பு எந்த வரிசையில் இருந்தது, எந்தப் பக்கம் வெளியே தெரிந்தது என்பது பிரித்த பிறகு நினைவில் நிற்பதில்லை.

பெட்டியில் கூடவே கிடக்கும் தாள்களைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாள், கடைச் சீட்டு, பொத்தான் வைத்த உறை ஆகிய எல்லாவற்றையும் தனி உறையில் போட்டு, எங்கே கிடந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பழைய செய்தித்தாளில் இருந்து கசியும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்பதால், அதை உடைக்கு அடியிலிருந்து எடுத்துவிடத்தான் வேண்டும். ஆனால் அதில் உள்ள தேதி நமக்கு வேண்டும். அந்தத் தேதி உடை தைத்த ஆண்டைக் காட்டாது. அந்த நாளுக்கு முன்னால் பெட்டி இப்படி அடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். எங்கள் பெட்டியின் அடித்தாள் 1966 ஆம் ஆண்டினது. அதைப் பார்த்துக் கவுனும் 1966 என்று என் தம்பி அடித்துச் சொன்னான். கவுன் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தது என்று பிறகு தெரியவந்தது.

காலத்தைக் கணிப்பது

தாள்களில் தொடங்குவது எளிது. இலங்கை என்ற பெயர் தமிழில் பழையதுதான் என்றாலும், ஆங்கில முத்திரைகளில் 1972 மே 22 வரை சிலோன் என்றே இருந்தது. ஆகவே உடையின் உள்ளே தைத்த பெயர்ப்பட்டியிலோ கடைச் சீட்டிலோ ஆங்கிலத்தில் சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். இந்தியக் கடைச் சீட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டங்கள் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு. நயா பைசா என்று அச்சிட்டிருந்தால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். இந்தக் கணக்கைக் கொழும்புச் சீட்டுகளுக்குப் போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே ரூபாய்க்கு நூறு சதம் என்ற முறை 1872 முதலே நடப்பில் இருந்தது. முகவரியில் மெட்ராஸ் மாகாணம் அல்லது மெட்ராஸ் மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். திருநெல்வேலிக்குப் பின்னால் 627 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பின். தமிழில் அச்சிட்ட உறையாக இருந்தால் லை, னை ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய வடிவம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சு வழக்கு. சில அச்சகங்கள் பழைய எழுத்துகளை மேலும் கொஞ்ச காலம் வைத்திருந்தன என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து உடையையே பார்க்க வேண்டும், அதுவும் உட்பக்கத்தை. வெளிப்பக்கம் ஊருக்குக் காட்டுவதற்காகத் தைத்தது. தையல்காரரின் காலமும் கையும் உட்பக்கத்தில்தான் தெரியும். அத்தையின் கவுனில் இடுப்பின் இடப்பக்கத்தில் உலோகப் பல் வைத்த ஜிப் இருக்கிறது. விருந்து உடைகளில் ஜிப் வைப்பதைப் பாரீஸில் எல்ஸா ஸ்கியாபரெல்லி 1930களின் நடுவில் நாகரிகமாக்கினார். அதன் பிறகு ஐம்பதுகள் வரை பக்கவாட்டில் உலோக ஜிப் வைப்பது பரவலான வழக்கமாக இருந்தது. சுருள் கம்பி போன்ற நைலான் ஜிப் என்றால் அறுபதுகளோ அதற்குப் பின்னரோ என்று கொள்ளலாம், பழுதான ஜிப்பை யாரும் பின்னால் மாற்றவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. அதை உறுதி செய்வதும் எளிது: ஜிப்பைப் பிடித்திருக்கும் நூலும் பக்கத்துத் தையலின் நூலும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

தையல் மடிப்பின் ஓரத்தைப் பாருங்கள். நம் தையல் கடைகளில் இன்று எல்லா ஓரமும் ஓவர்லாக் அடித்து வருகிறது. அத்தையின் கவுனில் ஓரங்கள் ரம்பப் பல் போல வெட்டிவிடப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் கையால் சுற்றித் தைத்திருக்கிறார்கள். இதோடு பாவாடையின் விரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முப்பதுகளின் விருந்து கவுன் துணியைக் குறுக்காக வெட்டி உடலோடு வழியும்படி தைத்தது. மதலீன் வியோனே என்ற பாரீஸ் வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. 1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்தியன் தியோர் காட்டிய புதிய பாணியில் இடுப்பு சிறுத்து, பாவாடை குடைபோல் விரிந்தது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்ததால், அத்தனை கெஜம் துணியைப் பாவாடைக்கே செலவழிப்பது அந்த நாளில் பெரிய ஆடம்பரமாகப் பேசப்பட்டது. அத்தையின் கவுன் அந்தக் குடைப்பாவாடை வகை. உலோக ஜிப், பருத்தி நூல், குடைப்பாவாடை மூன்றையும் சேர்த்து ஐம்பதுகளின் முதற்பாதி என்று முடிவு கட்டினேன். தயாரிப்பாளர் பட்டி இல்லை. பட்டி இல்லாததை மட்டும் வைத்து மதிப்பில்லாத உடை என்று எண்ணிவிடக் கூடாது. அளவு கொடுத்துத் தைத்த உடையில் பட்டி இல்லாதது இயல்பே.

துணி எது என்பதை இழையை எரித்துப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். உள்மடிப்பில் தொங்கும் ஓர் இழையை இரண்டு சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்து, நீர் ஊற்றிய தட்டின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடிந்தால் பட்டு. தாள் எரியும் வாடை வந்து மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி அல்லது ரேயான். உருகி, ஆறியபின் கெட்டி மணியாக உறைந்தால் அசிட்டேட், நைலான், பாலியஸ்டர் இவற்றில் ஒன்று. அசிட்டேட் என்றால் புளிக்காடி வாடையும் சேர்ந்து வரும். பொத்தானையும் சம்கியையும் இப்படிச் சோதிக்கவே கூடாது. பழைய செல்லுலாய்டுப் பொத்தான் குப்பென்று பற்றிக்கொள்ளும். அத்தையின் கவுன் பட்டு என்று ஊர் முழுக்கப் பேச்சு. எரித்துப் பார்த்தால் தாள் வாடைதான் வந்தது. அது ரேயான் சாட்டின். எனக்கு முதலில் சற்று ஏமாற்றமாக இருந்தது உண்மை. பிறகு யோசித்தபோது, கணக்கரின் சம்பளத்தில் பட்டாகத் தோன்றும்படி ஒரு துணியைத் தேடி எடுத்த அத்தையின் கண்ணை மெச்சத் தோன்றியது.

கையும் கழுத்தும்

இந்த உடையில் நான் அதிக நேரம் செலவழித்தது அதன் கைகளில். தொடக்கத்தில் அது கையில்லாத கவுன். அகலமான இரண்டு தோள்பட்டிகள் மட்டும் இருந்தன. அவற்றின்மேல் முழங்கை வரை வரும் கருநீல ஜார்ஜெட் கைகளைப் பிறகு யாரோ வைத்துத் தைத்திருக்கிறார்கள். நிறம் ஏறத்தாழப் பொருந்தினாலும் துணி வேறு, நூல் வேறு, இயந்திரத் தையலுக்குப் பதில் சின்னச் சின்னக் கைத்தையல். இறங்கிய கழுத்தின் முன்பக்கத்தை வெள்ளை லேஸ் வைத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். இடுப்பில் இருபுறமும் அரை அங்குலம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; பிரித்த பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன.

என்னுடைய முதல் எண்ணம், அந்தக் கைகளைப் பிரித்துவிட்டுக் கவுனை அதன் அசல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான். தையல்காரரிடம் பேசி நாளும் குறித்துவிட்டேன். எதிர்வீட்டில் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்த பாட்டியம்மாவிடம் அதற்கு முன் ஒரு மாலையில் கவுனின் படத்தைக் காட்டியதால் அது நின்றது. அவர் படத்தில் உடையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "ஏட்டி, இந்தக் கைய நாந்தான வச்சுக் குடுத்தேன். எஞ் சேலத் தலப்பக் கிழிச்சு வச்சது. கை இல்லாம உடுத்துனா ஒங்க தாத்தா வீட்டுக்குள்ள வுட மாட்டாவன்னு ராத்திரியோட ராத்திரியா உக்காந்து தச்சோம்" என்றார். கழுத்து லேஸ் இடையன்குடியில் பின்னியது என்பதும் அவர் சொன்னதுதான். இடையன்குடிக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கொண்டுவந்தவர் கால்டுவெல்லின் மனைவி எலைசா. நாகர்கோவிலில் அவருடைய தாய் அதைப் பெண்களுக்குக் கற்பித்தவர். திண்டின்மேல் ஊசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் இந்த லேஸை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நூல்கள் ஒன்றோடொன்று சடை போலப் பின்னியிருப்பதும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நூலளவு வேறுபாடு இருப்பதும் தெரியும். இயந்திர லேஸில் எல்லாப் பூவும் ஒரே அச்சு.

ஆகவே மாற்றித் தைத்த எதையும் பிரிக்க வேண்டாம் என்பது இந்த வழிகாட்டியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி. கொழும்பில் கையில்லாமல் உடுத்தியதும், பாளையங்கோட்டையில் கை வைத்து உடுத்தியதும் அதே பெண்தான். கையைப் பிரித்திருந்தால் கடையில் விற்கும் பழைய கவுன்களில் ஒன்று என் கையில் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் படம் எடுத்து, எந்த நூல், எந்தத் துணி, எத்தனை அங்குலம் என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

அழுக்கும் கறையும்

தூசியை அகற்றலாம், கறையைத் தொட வேண்டாம். கொசுவலைத் துண்டு ஒன்றை உடையின்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, தூசி உறிஞ்சும் கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து, வலைக்கு மேலே மெதுவாக நகர்த்தினால் தூசி வரும், பிரிந்த இழையும் மணியும் உள்ளே போகா. மணி, சம்கி தைத்த இடங்களில் அதையும் செய்யாமல் மெல்லிய தூரிகையால் நீவிவிட்டால் போதும்.

துவைப்பதில் உள்ள ஆபத்து துணிக்குத் துணி மாறும். ரேயான் நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். வாளியிலிருந்து தூக்கும்போது தன் எடையாலேயே கிழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள், பட்டுக்குக் கனம் கூட்டுவதற்காக வெள்ளீய உப்புகளில் ஊறவைத்தார்கள். அத்தகைய பட்டு மடிப்பு வாக்கில் தானாகவே கீறிக்கொண்டு போகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. முப்பதுகளின் சம்கிகளில் ஒரு வகை ஜெலட்டினால் ஆனது. வெந்நீர் பட்டால் கரைந்து பிசினாகும். வேறு சில பிளாஸ்டிக் சம்கிகள் டிரை கிளீனிங் கரைப்பானில் உருகும். தனியே கழன்று கிடக்கும் சம்கி ஒன்றை வெதுவெதுப்பான நீர்த்துளியில் போட்டுப் பார்த்தால் முதல் வகையைக் கண்டுகொள்ளலாம். பூந்திக்கொட்டை நல்லதுதானே என்று கேட்பார்கள். இன்று உடுத்தும் பட்டுச்சேலைக்கு நல்லதுதான். இங்கே சிக்கல் நனைப்பதில் இருக்கிறது, எதைக் கொண்டு நனைக்கிறோம் என்பதில் அன்று.

அக்குள் பகுதியில் வேர்வைக் கறையும், மார்புப் பக்கம் வாசனைத் தைலம் பட்ட வட்டமும் இருக்கும். வேர்வை துணியை அரிப்பது உண்மை. ஆனால் அரித்தது அரித்ததுதான், இன்று துவைப்பதால் இழை திரும்ப வளராது. அக்குளில் சிறு பட்டை தைத்திருந்தால் அதை மட்டும் தொட்டுப் பாருங்கள். உள்ளே ரப்பர் வைத்த பட்டை பிசுபிசுத்தோ இறுகியோ போயிருந்தால், படம் எடுத்தபின் மெதுவாகப் பிரித்து, தனி உறையில் உடையோடு வைக்கலாம். பிரிக்கக் கூடாது என்ற விதிக்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு இது ஒன்றே.

வைப்பது

என் தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த உற்சாகத்தில் கவுனைக் கம்பி ஹேங்கரில் மாட்டி இரும்பு பீரோவில் தொங்கவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது இடது தோளில் நான்கு அங்குலத்துக்குத் தையல் விட்டிருந்தது, ஹேங்கரின் துரு ஜார்ஜெட்டில் ஏறியிருந்தது. எழுபது ஆண்டுகளாக மடித்த நிலையில் அது பெற்ற சேதத்தைவிட அந்த இரண்டு ஆண்டுகளில் பெற்றது அதிகம்.

கிடத்தித்தான் வைக்க வேண்டும். எவ்வளவு நீளமான பெட்டி கிடைக்கிறதோ அவ்வளவு குறைவாக மடிக்கலாம். மல் துணியை இரண்டு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சியை முழுக்க நீக்கி, உலர்த்தி, அதைக் கொண்டு பெட்டியின் உள்ளே இரண்டு அடுக்கு விரியுங்கள். மடிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் அதே துணியைக் கை பருமனுக்குச் சுருட்டி உள்ளே கொடுத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. கைகளுக்குள்ளும் கொஞ்சம் துணியைத் தளர்வாக அடைக்க வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியின் உட்புறத்தில் துரு இருந்தால், பெட்டியைத் தனியே நினைவுக்கு வைத்துக்கொண்டு உடையை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பாலிதீன் உறை, ரப்பர் வளையம், ஊக்கு, குண்டூசி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பாலிதீன் ஈரத்தை அடைத்து வைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

அந்துருண்டையைத் துணியின்மேல் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது கறை படுத்தும், வாடையும் எளிதில் போகாது. கழிவறையில் போடும் வேறு வகை உருண்டைகளோடு கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து கசிந்து நீராகி ஒழுகும். வேப்பிலையையும் வசம்பையும் துணிப்பையில் கட்டி மூலையில் வைப்பதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் அவற்றை நம்பி ஆண்டுக்கணக்கில் திறக்காமலும் இருக்கமாட்டேன். தை மாதத்தில் ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு முறை, வெயில் நேராகப் படாத இடத்தில் திறந்து, ராமபாணப் பூச்சியும் கரையானும் உண்டா என்று பார்த்து, மடிப்பை இரண்டு விரல் தள்ளி மாற்றி மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த வரியில் இழை முறியும்.

பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம் என்று சொல்ல 2023 டிசம்பருக்குப் பிறகு காரணம் கூற வேண்டியதில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் பல வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. நனைந்த உடையைப் பிழியவோ வெயிலில் காயப்போடவோ கூடாது. ஒரு கொசுவலையை அடியில் செருகி அதோடு சேர்த்துத் தூக்கி, வெள்ளைத் துணியின்மேல் கிடத்தி, உள்ளே மல் துணி வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு நாளைக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் இல்லையென்றால் நீரை ஒற்றும் துணியை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உடுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு

வீட்டில் இளம்பெண்கள் இருந்தால் ரிசப்ஷனுக்கு அதை உடுத்திக்கொள்கிறேன் என்று கேட்பார்கள். என் மகளும் கேட்டாள். அசலை உடுத்தக் கூடாது; அக்குளும் இடுப்பும் முதல் மணி நேரத்திலேயே விட்டுவிடும். அளவு ஜாக்கெட் கொடுப்பதுபோல் கவுனைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வரவும் கூடாது. தையல்காரரை வீட்டுக்கு அழைத்து, கிடத்திய உடையின்மேல் இஞ்சு டேப்பை மெதுவாக வைத்து அளந்து, காக்கித் தாளில் வரைந்து, முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல துணியில் கை வைக்கச் சொல்லுங்கள். மகளுக்குத் தைத்த பிரதியில் கை வைப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் பேச்சு நடந்தது. அவள் கையில்லாமல்தான் தைத்துக்கொண்டாள்.

உடுத்தியவரை எழுதிவைப்பது

துணி இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்கும். அத்தையைப் பார்த்தவர்கள் காத்திருக்கமாட்டார்கள். அதனால் மேலே சொன்ன வேலைகளில் எதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போட வேண்டாம். முதியவர்களிடம் போய் அத்தை எப்படிப்பட்டவர் என்று கேட்டால், நல்ல மனுஷி, தாராளமான கை என்பதோடு பேச்சு நின்றுவிடும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். இந்த லேஸ் யாரிடம் வாங்கியது, இதற்கு என்ன செருப்புப் போட்டார், கொண்டை எப்படிப் போட்டிருந்தார், வண்டியில் வந்தாரா நடந்து வந்தாரா என்று சிறிய கேள்விகளாகக் கேட்டால், பெரிய பதில்கள் தாமாக வரும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்பதும், அதே வாரத்திலேயே கேட்டு எழுதிவிடுவதும் அவசியம். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அவரவர் உறவுமுறையோடு எழுதுங்கள்.

எதிர்வீட்டுப் பாட்டியம்மா சொன்னதிலிருந்து எனக்குக் கிடைத்தது இது. அத்தை தனுஷ்கோடி வழியாகக் கப்பலும் ரயிலுமாக ஊருக்கு வந்து இறங்கினால், அவர் வந்த செய்திக்கு முன்னால் சென்ட் வாசனை தெருவுக்குள் வந்துவிடும். தேவாலயத்துக்குப் போகும்போது மற்ற பெண்களைப் போலவே வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டுத்தான் போவார். கவுனை ஊரில் ஒரே ஒரு முறை, ஒரு கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு உடுத்தினார். அதற்காகத்தான் அந்தக் கைகள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடாமல் மொட்டைமாடித் தட்டட்டியில் போய்ப் படுத்துக்கொண்டார். சித்தி இதை மறுக்கிறார். தாத்தாவுக்கு அன்று காய்ச்சல் என்கிறார். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

எழுதியதை உடையோடு சேர்த்து வைப்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு விரல் அகல வெள்ளை நாடாவில், துவைத்தாலும் போகாத மையால் முன்கூட்டியே எழுதி, மை நன்றாகக் காய்ந்த பின், உட்பக்கத் தையல் மடிப்பில் மட்டும் ஊசி போகும்படி இரண்டே இரண்டு தளர்ந்த தையல் போட்டு நாடாவைப் பிடிக்க வேண்டும். சாட்டினின் முகப்பில் ஊசி படக் கூடாது. விரிவான குறிப்பைப் பென்சிலால் தாளில் எழுதி, பெட்டியின் மூடிக்குள் தனி உறையில் வைத்து, ஒரு படியை வேறொரு வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும். எங்கள் நாடாவில் அத்தையின் பெயர், கொழும்பு, ஐம்பதுகளின் முதற்பாதி என்ற மூன்றுக்கும் கீழே, கை வைத்தவர் எதிர்வீட்டு அக்கா என்று எழுதியிருக்கிறது. பாட்டியம்மாவிடம் படித்துக் காட்டியபோது, லேஸ் தைத்ததும் தாம்தான் என்று அதையும் சேர்க்கச் சொன்னார். நாடாவில் இடமில்லாததால் உறைக்குள் இருக்கும் தாளில் சேர்த்தேன்.